ஹேட்ரியன் சுவருக்கு எந்த மேப்?

வட இங்கிலாந்தில் ரோமானியர் கி.பி. 122இல் கட்டத் தொடங்கிய ஹேட்ரியன் சுவருக்கு மேப் வாங்கப் போனால் முக்கியமாக மூன்று கண்ணில் படும்: பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் (1:25,000), அதே நிறுவனத்தின் லேண்ட்ரேஞ்சர் (1:50,000), ஹார்வி என்ற நிறுவனத்தின் நடைபாதை மேப் (1:40,000). சுவரை ஒட்டிய 135 கிலோமீட்டர் நடைபாதையை நடந்து முடிப்பது மட்டுமே நோக்கம் என்றால் ஹார்வி போதும். முழுப் பாதையும் ஒரே மேப்பில் அடங்கும், மழைக்கும் தாங்கும். எக்ஸ்ப்ளோரரில் அதே தூரத்துக்கு 314, 315, ஓஎல்43, 316 என நான்கு வாங்க வேண்டும்.

ஆனால் ரோமானியர் விட்டுப்போனதைத் தேடிப் பார்க்க வேண்டுமென்றால் என் ஓட்டு எக்ஸ்ப்ளோரருக்குத்தான், அதிலும் நடுப்பகுதியைக் காட்டும் ஓஎல்43க்கு. காரணம், வயல்களைப் பிரிக்கும் கற்சுவர்களும் வேலிகளும் அதில் கோடு கோடாக இருக்கும். லேண்ட்ரேஞ்சரில் அவை கிடையாது.

வயல் வரப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? ரோமானிய மைலுக்கு ஒன்றாகக் கட்டிய மைல்கோட்டைகளில் பல இன்று வெறும் புல்மேடு. ஒரு ரோமானிய மைல் சுமார் 1,480 மீட்டர். எக்ஸ்ப்ளோரரில் ஏறத்தாழ 6 செ.மீ. ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்குச் சற்று மேற்கே 37ஆம் மைல்கோட்டை கல்லும் வாசலுமாகத் தெளிவாக நிற்கிறது. மேப்பில் அந்த இடத்தில் ஒரு நூலின் நுனியை வைத்து, சுவரின் வளைவுகளோடு மேற்கே அளந்தால் ஹாட்பேங்க் பண்ணையை ஒட்டி 38 வரும். நூல் முடியும் இடம் எந்த வயல், எந்த மூலை என்று பார்த்துக்கொண்டால் புல்லுக்குள் மேடு தட்டுப்படும். நிலத்துக்கேற்ப ரோமானியரே இடத்தை முன்பின் நகர்த்தியிருப்பதால் கொஞ்சம் தள்ளியும் தேட வேண்டும். நூல் 2 மி.மீ. பிசகினால் எக்ஸ்ப்ளோரரில் 50 மீட்டர் தவறும், லேண்ட்ரேஞ்சரில் 100. இரண்டு மைல்கோட்டைக்கு நடுவே வரும் இரண்டு காவல் கோபுரங்களும் இதே கணக்குதான், 2 செ.மீ.க்கு ஒன்று.

பழஞ்சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலீஷ் ஹெரிடேஜ் வெளியிட்ட தொல்லியல் மேப் கிடைத்தால் விடாதீர்கள். முந்தின இரவே அதைப் பார்த்து, தேவையான இடங்களை ஓஎல்43இல் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம்.

எந்த மேப்பிலும் இரண்டு இடத்தில் ஏமாறலாம். சுவருக்குத் தெற்கே நேர்கோடாக ஓடும் வல்லம் சுவரல்ல, இருபுறமும் மண்கரை கொண்ட பள்ளம். சூயிங்ஷீல்ட்ஸுக்குக் கிழக்கே சுவரைக் காணோம் என்று வயலில் அலைய வேண்டாம். 1750களில் போட்ட ராணுவச் சாலை, இன்றைய பி6318, பல மைலுக்கு அதன் மேலேயே போகிறது.

எக்ஸ்ப்ளோரரின் குறை அதன் காகிதம். பாறை விளிம்புக் காற்றில் முழுதாக விரித்தால் மடிப்பிலேயே கிழியும். சுவர் ஓடும் பட்டை வெளியே தெரியும்படி வீட்டிலேயே மாற்றி மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுவிடுங்கள். லேமினேட் செய்த பதிப்பும் உண்டு, விலையும் பருமனும் கூடுதல்.

கார்லைல் நகருக்கு மேற்கே இதே அளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அங்கே தரைக்கு மேல் பார்க்க அதிகம் இல்லை, ஹார்வியே போதலாம். டைக்ஸ்ஃபீல்டுக்கும் டிரம்பர்குக்கும் இடையே பெரிய ஓதத்தில் சாலையே நீருக்குள் போய்விடும். அதற்கு ஓத அட்டவணையைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.