புது மலிவு லேப்டாப்பா, பழைய ஆபீஸ் லேப்டாப்பா?

ஒரே பணத்துக்கு இரண்டு லேப்டாப் கிடைக்கும். ஒன்று, சீல் பிரிக்காத, இருப்பதிலேயே விலை குறைந்த புது மாடல். இன்னொன்று, ஏதோ ஒரு நிறுவனத்தில் சில வருடம் உழைத்துவிட்டு வந்த லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிடியூட், எச்பி எலைட்புக் வகை. என்னைக் கேட்டால், பெரும்பாலானவர்கள் இரண்டாவதை வாங்கலாம். ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

புது மலிவு மாடலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். செலரான் என்4020 மாதிரி இரண்டே கோர் உள்ள ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டிக்குப் பதிலாக மலிவு மாடல்களில் வரும், அதைவிட வேகம் குறைந்த சேமிப்பு). விண்டோஸ் 11 போட மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச ரேமும் இடமும் இதே 4, 64 தான். அதாவது வாங்கும் நாளிலேயே அது எல்லைக்கோட்டில் நிற்கிறது. ரேமை மதர்போர்டிலேயே சாலிடர் செய்திருந்தால் பிறகு கூட்டவும் வழியில்லை.

2018-இல் வந்த திங்க்பேட் டி480-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் இன்டெல் ஐ5-8250யு ப்ராசஸருக்கு நான்கு கோர், எட்டு த்ரெட். ரேமுக்கு இரண்டு ஸ்லாட், கழற்றி மாற்றக்கூடிய எஸ்எஸ்டி. உள்ளே ஒரு பேட்டரி, வெளியே ஒரு பேட்டரி. உள்ளே இருப்பதில் சார்ஜ் இருந்தால், லேப்டாப்பை அணைக்காமலே வெளி பேட்டரியை மாற்றலாம். ஆனால் இதே மாடல் 1366x768 திரையோடும் விற்கப்பட்டது. ஃபுல் எச்டி திரைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

பழையது என்றால் எவ்வளவு பழையது வரை போகலாம்? வயதைவிட ப்ராசஸரின் தலைமுறைதான் முக்கியம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும் (மேலே சொன்ன ஐ5-8250யு அந்தத் தலைமுறைதான்). ஏழாவதும் அதற்கு முந்தையதும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டும்தான் சரி. மேக் என்றால் 2020-இல் வந்த, ஆப்பிளின் சொந்த சிப்பான எம்1-க்கு முந்தையதைத் தொட வேண்டாம்; இன்டெல் மேக்குகளுக்கு டஹோதான் கடைசி மேக்ஓஎஸ்.

பழையதில் முதலில் அடிவாங்குவது பேட்டரி. விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்டில் powercfg /batteryreport என்ற கட்டளை வழியாக பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். அதில் ஆரம்பக் கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் அளவு என இரண்டு எண் வரும். 48,000-க்கு எதிரே 26,000 இருந்தால் கிட்டத்தட்ட பாதி உயிர் போய்விட்டது. மாற்று பேட்டரியின் விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள். அப்புறம், பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு கேட்கிறதா பாருங்கள். விற்பவரையே ரீசெட் செய்யச் சொல்லி, இணையத்தில் இணைத்துத் தொடங்குங்கள். பழைய நிறுவனத்தின் பெயரோடு லாகின் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பூட்டை அந்த நிறுவனத்தால்தான் எடுத்துவிட முடியும்.

இதையெல்லாம் சோதிக்கத் தெரியாது, தெரிந்தவர்களும் பக்கத்தில் இல்லை என்றால், வாரண்டியோடு வரும் புதியதே மேல். அப்போதும் 8 ஜிபி ரேமும் சரியான எஸ்எஸ்டியும் உள்ளதாகப் பாருங்கள். அதற்குப் பணம் போதவில்லை என்றால், விற்பவரே பழுது பார்த்து எழுத்தில் வாரண்டி தரும் ரீஃபர்பிஷ்டு லேப்டாப்பைத் தேடுங்கள். இஎம்எம்சி மாடலுக்கு மட்டும் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.