சிட்னியில் பூர்வகுடி ஓவியம் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சிட்னி துறைமுகப் பக்கம் சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் ஒரு நினைவுப்பொருள் கடையில், போன மார்ச் மாதம் 640 டாலர் கொடுத்து ஓர் ஓவியம் வாங்கினேன். பூர்வகுடி ஓவியர் ஒருவர் வரைந்தது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அது பொய். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

படத்தின் நடுவில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள். அவற்றைச் சுற்றி லாட வடிவக் கோடுகள். பின்னணி முழுக்க வெள்ளைப் புள்ளிகள். ஓர் ஓரத்தில் வாயே இல்லாத, பெரிய கண்களுள்ள முகம். மறு ஓரத்தில் எலும்புகள் வெளியே தெரியும் கங்காரு, அதன் உடம்பில் மெல்லிய குறுக்குக் கோடுகள். கடைக்காரர் அச்சடித்த அட்டை ஒன்றை வைத்துக்கொண்டு வரிசையாக அர்த்தம் சொன்னார். வட்டம் தண்ணீர், லாடம் பெண், புள்ளிகள் நட்சத்திரம். கால் மணி நேரம் கதை ஓடியது. பத்து வயது மகள் கண் கொட்டாமல் கேட்டாள். அந்தக் கதைக்காகத்தான் வாங்கினேன்.

அவள் கதையை மனப்பாடம் செய்து, படத்தையும் கொண்டுபோய் வகுப்பில் சொல்லியிருக்கிறாள். அன்று பள்ளிக்கு மத்திய பாலைவனத்தைச் சேர்ந்த, வால்பிரி என்ற பூர்வகுடி இனத்து ஓவியர் ஒருவர் வந்திருந்தார். (பூர்வகுடிப் பெரியவர்களை இங்கே ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள், நம் பிள்ளைகளுக்குப் பழகிய முறைதான்.) அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்லா சொன்னேம்மா. இது யாரோட கதை?" என்று மட்டும் கேட்டாராம். சாயங்காலம் மகள் அதே கேள்வியை என்னிடம் கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

மறுநாள் நானே போய் ஆன்ட்டியைப் பார்த்தேன். அவர் விளக்கியது இதுதான். லாட வடிவம், ஒருவர் மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்தால் பதிகிற தடம். பக்கத்தில் தோண்டுகோல் இருந்தால் பெண், ஈட்டி இருந்தால் ஆண். என் படத்தில் இரண்டுமே இல்லை. வட்டம் நீர்ச்சுனையாக இருக்கலாம், தங்கிய இடமாக இருக்கலாம், நெருப்பாகவும் இருக்கலாம். எந்தக் கதை, எந்த நிலம் என்று தெரிந்தால்தான் அது என்னவென்று தெரியும். அட்டையைப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாது.

அந்த வாயில்லாத முகத்தைக் காட்டியபோது அவர் பேசவே யோசித்தார். அது வாஞ்சினா. மழையோடும் மேகத்தோடும் சேர்ந்த படைப்புத் தெய்வம். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் வாழும் வொரோரா, ஙாரின்யின், வுனம்பல் மக்களுக்கு உரியது. வேறு யாரும் அதை வரையக் கூடாது. எலும்பு தெரியும் கங்காருவும் குறுக்குக் கோடும் வடக்கே ஆர்னம் லாண்டின் வழக்கம். அந்தக் கோடுகளிலும் குலத்துக்குக் குலம் உரிமை உண்டு. ஆக, பாலைவனம், கிம்பர்லி, ஆர்னம் லாண்ட் என்று மூன்று பகுதி மக்களுடைய உடைமையை யாரோ ஒரே துணியில் ஒட்டி, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கதையைக் கட்டி எங்களிடம் விற்றிருக்கிறார்கள்.

அவர் சொன்ன இன்னொன்று என்னை உலுக்கியது. 1971இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே பப்புன்யாவில், ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியரின் ஊக்கத்தில், அங்கிருந்த பூர்வகுடிப் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேன் எறும்பின் கதையை வரைந்தார்கள். பிறகு பலகைகளில் வரைய ஆரம்பித்தார்கள். தொடக்கத்தில் வரைந்த சிலவற்றில், சடங்கு அறிந்தவர்கள் மட்டுமே பார்க்க வேண்டியவையும் வெளியே வந்துவிட்டன. மற்ற பூர்வகுடியினரிடமிருந்து எதிர்ப்பு வந்தது. அதன் பின் அவற்றை விலக்கினார்கள். புள்ளிகளால் மூடியும் மறைத்தார்கள். உண்மையான ஓவியர் வெளியே சொல்லத்தக்க கதையைச் சொல்லி, ஓர் இடத்தில் நிறுத்திக்கொள்வார். எங்கள் கடைக்காரர் எதற்குமே நிறுத்தவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கடையில் கொடுத்த சான்றிதழைத் தேடி எடுத்தேன். தங்க நிற முத்திரை இருக்கிறது. ஓவியர் பெயர் இல்லை, ஊர் இல்லை. ரசீதில் மட்டும் சின்ன எழுத்தில் 'அபோரிஜினல் ஸ்டைல்' (பூர்வகுடிப் பாணி) என்று போட்டிருக்கிறார்கள். திரும்பக் கொண்டுபோனபோது அந்த ஒரு வார்த்தையைக் காட்டியே பணம் தர மறுத்தார்கள். 50 டாலருக்குக் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். நான் வாங்கவில்லை.

இது என் ஒருத்தியின் கதை மட்டுமல்ல. இந்தோனேசியாவில் செய்த 18,000க்கும் மேற்பட்ட பூமராங், டிஜெரிடூ (நீண்ட ஊதுகுழல்) போன்ற பொருள்களைப் பூர்வகுடியினர் செய்தவை என்று நம்பும்படி விற்ற ஒரு மொத்த வியாபார நிறுவனத்துக்கு 2019இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

வாங்குவதாக இருந்தால், யார் வரைந்தார், எந்த ஊர்க்காரர், இது யாருடைய கதை என்று முதலில் கேளுங்கள். பதில் தடுமாறினால் வெளியே வந்துவிடுங்கள். யுவெண்டுமுவில் வார்லுகுர்லாங்கு, யிர்கலாவில் புகு-லார்ங்கை முல்கா, ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பப்புன்யா டூலா போன்றவை பூர்வகுடியினரே உடைமையாக வைத்து நடத்தும் கலை மையங்கள். ஓவியர் பெயரும் கதையும் எழுதிய தாள் படத்தோடு வரும். நான் கொடுத்த பணத்துக்கு அங்கே நல்ல சிறிய ஓவியமே வாங்கியிருக்கலாம்.

மகள் ஆசிரியையிடம் அனுமதி கேட்டு, தான் சொன்ன கதை தவறு என்று வகுப்பில் எழுந்து சொன்னாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. நுகர்வோர் அமைப்பில் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்களும் அந்தப் பக்கம் இப்படி வாங்கியிருந்தால் ரசீதையும் சான்றிதழையும் தூக்கிப் போடாதீர்கள். படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். புகாரில் சேர்த்துக் கொடுக்கலாம்.