ஸ்டேஷனில் மொழிபெயர்ப்பு: போன் செயலிக்கு வாசல் மேசை வரைதான் வேலை

கடலூர் சிப்காட், நெய்வேலி, புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு. இந்தத் தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள காவல் நிலையங்களுக்குத் தமிழ் தெரியாதவர் வந்து நிற்பது புதுசு இல்லை. வந்தவர் வாய் திறந்ததும் ரைட்டருக்கு (ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் காவலர்) கைக்கெட்டுவது இரண்டு வழிகள். போனில் கூகுள் டிரான்ஸ்லேட்டோ மத்திய அரசின் பாஷிணியோ திறக்கலாம். இல்லையென்றால் கூட வந்த மேஸ்திரியைப் பார்த்து "என்னய்யா சொல்றாரு?" என்று கேட்கலாம். மூன்றாவது வழி, வழக்கில் சம்பந்தமில்லாத, மொழி தெரிந்த ஒரு ஆள். அதற்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது, சம்பளமும் இருக்கிறது. மூன்றையும் ஸ்டேஷன் வேலைக்கு என்று எடைபோட்ட மதிப்புரை இது.

முதலில் செயலி. இரண்டு மொழிகளைத் தேர்ந்தெடுத்து மைக்கை அழுத்திப் பேசினால் எதிராளியின் மொழியில் பேசிக் காட்டும் உரையாடல் முறைதான் இங்கே உதவும். பெயர் என்ன, எந்த ஊர், அடிபட்டிருக்கிறதா, ஆஸ்பத்திரிக்குப் போகணுமா, யாருக்கு போன் பண்ணணும், தொலைந்தது போனா பர்ஸா: இந்த அளவுக்கு நன்றாகவே வேலை செய்யும். 5க்கு 4 தரலாம். ஆனால் மின்விசிறியும் வயர்லெஸ் செட்டும் இரையும் அறையில் வேண்டாம், வராந்தாவுக்குப் போங்கள். ஒரு தடவைக்கு ஒரே வாக்கியம். நம் பக்கத்துப் பேச்சை அப்படியே கொடுத்தாலும் தடுமாறும். "இஸ்துகினு பூட்டான்" என்பதை "இழுத்துக்கொண்டு போனான்" என்று செய்தித்தாள் தமிழில் சொல்லுங்கள். மொழிப் பட்டியலில் பெயர் இருப்பதும் அந்த மொழியில் பேசினால் புரிந்துகொள்வதும் ஒன்றல்ல. கூகுளில் ஒடியா 2020இல்தான் வந்தது, போஜ்புரியும் மைதிலியும் 2022இல், சந்தாலி 2024இல். எந்த மொழிக்குப் பேச்சு வசதி உண்டு, எதற்கு எழுத்து மட்டும் என்பதை ஆள் வந்து நிற்கும் முன்பே பார்த்து ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுவது நல்லது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: அவர் பேசுவது எந்த மொழி? வடக்கே இருந்து வந்தவர் எல்லாம் இந்தி என்று எடுத்துக்கொள்வதில்தான் பாதி கோளாறு. ஜார்க்கண்டுக்காரருக்குத் தாய்மொழி சந்தாலியாகவோ முண்டாரியாகவோ இருக்கலாம். பீகார் என்றால் மைதிலியோ போஜ்புரியோ. இந்தியில் தலையாட்டுகிறார் என்பதற்காக இந்தியில் வாக்குமூலம் கொடுக்க முடியும் என்று ஆகிவிடாது. "எந்த மாநிலம்?" என்று கேட்காமல் "வீட்டில் அம்மாவிடம் எந்த மொழியில் பேசுவீர்கள்?" என்று கேட்க வேண்டும். "இது உங்கள் மொழியா?" என்ற வரியைப் பல மொழிகளில் அச்சடித்த அட்டை உதவும். ஆனால் இந்தி, மைதிலி, போஜ்புரி, நேபாளி எல்லாம் ஒரே தேவநாகரியில் இருக்கும். வங்காளமும் அசாமியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். படிக்கத் தெரியாதவருக்கு அட்டையே பயன்படாது. அவர் வீட்டுக்கு போன் போட்டு, மறுமுனையில் இருப்பவரிடம் மொழியின் பெயரைக் கேட்பதே குறுக்குவழி.

இனி வாக்குமூலம். இங்கே செயலிக்கு 5க்கு 1 கொடுப்பதே தாராளம்.

"எப்ப நடந்துச்சு?" என்ற கேள்விக்குப் பதில் "கல்" என்று ஒரே சொல்லில் வருகிறது. இந்தியில் அந்தச் சொல் நேற்றும்தான், நாளையும்தான். வங்காளத்தில் "கால்", ஒடியாவில் "காலி", அங்கேயும் அதே கதை. "பர்சோ" என்றால் முந்தாநாளும் உண்டு, நாளன்னைக்கும் உண்டு. முழு வாக்கியமாக வந்தால் வினைச்சொல் காப்பாற்றும். பயந்துபோய் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்பவரிடம் வினைச்சொல்லை எங்கே தேடுவது? செயலி இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளும், சந்தேகம் இருக்கிறது என்று சொல்லாது. "மிரட்டினான், நாளைக்கு வருவேன் என்றான்" என்பது "நேற்று வந்தான்" என்று ஆனால் எஃப்.ஐ.ஆரில் தேதியே மாறும். நேரத்திலும் இதே வம்பு. "பௌனே நௌ" என்றால் எட்டே முக்கால், "சவா நௌ" என்றால் ஒன்பதே கால். அரைகுறை இந்தி தெரிந்தவர் காதில் இரண்டுமே "நௌ", அதாவது ஒன்பது. அதே காதுக்கு "மரா" (செத்தான்), "மாரா" (அடித்தான்) என்ற குறில் நெடில் வேறுபாடும் நழுவும்.

உறவுமுறை இன்னும் மோசம். ஒரு குழந்தை "சாச்சா" என்கிறது. நடுவில் ஆங்கிலம் புகுந்தால் அது "அங்கிள்" ஆகி, தமிழுக்கு வரும்போது "மாமா" ஆகிவிடும். சாச்சா என்பவர் சித்தப்பா. நம் மாமாவோ தாய்மாமன், மாமனார், அத்தை கணவர், பக்கத்து வீட்டுக்காரர் வரை யாராகவும் இருக்கலாம். போக்சோவில் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) ஊடுருவும் பாலியல் தாக்குதலைச் செய்தவர் உறவினர் என்றால் 5ஆம் பிரிவுக்குப் போகும், 6ஆம் பிரிவின்படி தண்டனை குறைந்தது 20 ஆண்டு. அக்கம்பக்கத்தில் மரியாதைக்குக் கூப்பிடும் சாச்சாவும் உண்டு என்பதால், "அப்பாகூடப் பிறந்த தம்பியா, சும்மா அப்படிக் கூப்பிடுறதா?" என்று கேட்டே ஆக வேண்டும். இந்தக் கேள்வி எந்தச் செயலிக்கும் தோன்றாது. இன்னொன்று, பாதிக்கப்பட்ட பெண் அல்லது குழந்தையின் பெயரைச் செயலியின் மைக்கில் சொல்லவே கூடாது. பேச்சு வெளியே ஒரு சர்வருக்குப் போய்த் திரும்புகிறது, அடையாளத்தைக் காப்பதோ சட்டக் கடமை.

அடுத்து மேஸ்திரி. மொழி தெரியும், உடனே கிடைப்பார், காசு கேட்கமாட்டார். ஆனால் கூலி பாக்கி, மிஷினில் கை போன விபத்து, ஷெட்டில் நடந்த அடிதடி, எதிலும் அவருக்கு ஒரு பக்கம் இருக்கும். தொழிலாளி இரண்டு நிமிடம் பேசியதை "ஒண்ணும் இல்ல சார், தண்ணியடிச்சுட்டு விழுந்துட்டான்" என்று அவர் ஒரு வரியில் முடித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பேச்சின் நீளமும் மொழிபெயர்ப்பின் நீளமும் ஏறக்குறைய ஒத்துப்போகாவிட்டால் நடுவில் ஏதோ தொலைந்திருக்கிறது. மேஸ்திரியை ஆள் அடையாளம் சொல்ல வைத்துக்கொள்ளுங்கள், வாக்குமூலத்துக்கு வெளியே அனுப்புங்கள். பேச இயலாத சாட்சி பற்றிய ராஜஸ்தான் அரசு எதிர் தர்ஷன் சிங் வழக்கில் (2012) உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான்: மொழிபெயர்ப்பவர் அதே சூழலை அறிந்தவராக இருக்கலாம், வழக்கில் அக்கறை உள்ளவராக இருக்கக் கூடாது, உறுதிமொழி எடுக்க வேண்டும்.

மூன்றாவது வழிக்குத்தான் நம் ஓட்டு. போக்சோ விதிகள் 2020, 5ஆம் விதிப்படி மொழிபெயர்ப்பாளர், சிறப்புக் கல்வியாளர் பட்டியலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வைத்திருக்க வேண்டும். பேச்சு மொழிபெயர்ப்பாளருக்குப் பட்டம் கட்டாயமில்லை. குழந்தையின் மொழி தாய்மொழியாக இருக்கலாம், ஆரம்பப் பள்ளியில் படித்த மொழியாக இருக்கலாம், தொழிலாலோ அந்த ஊரில் வாழ்ந்ததாலோ கற்றதாக இருக்கலாம். கூடவே மாநிலத்தின் ஆட்சிமொழியும் தெரிய வேண்டும். ஆணா பெண்ணா என்பதில் குழந்தையின் விருப்பத்தையும் பார்க்கலாம். திறன்மிகு தொழிலாளிக்கான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாமல் பணம் தரவேண்டும். இந்தக் கடைசி வரியை மறந்துவிட்டு "சும்மா ஒரு உதவிதானே" என்று கூப்பிட்டால் அடுத்த முறை போனை எடுக்கமாட்டார். போக்சோ அல்லாத வழக்குக்கு இப்படித் தயாரான பட்டியலை எதிர்பார்க்காமல் பல்கலைக்கழகம், ஜிப்மர், நெய்வேலி நகரியம் என்று பல மாநிலத்தவர் இருக்கும் இடங்களில் முன்கூட்டியே நாலு பேரைப் பேசி வைப்பதுதான் வழி. மலையாளம், தெலுங்குக்குப் புதுச்சேரி திண்டாட வேண்டியதில்லை, மாஹேயும் யானாமும் ஒரே யூனியன் பிரதேசம். பிரெஞ்சுதான் வேடிக்கை. காவலர் தலையில் பிரெஞ்சு பாணித் தொப்பியான சிவப்பு கெப்பி இன்னும் இருக்கிறது, பீச் ரோட்டில் பர்ஸ் தொலைத்த பிரெஞ்சுக்காரரிடம் பேச ஆங்கிலம்தான் கைகொடுக்கிறது. தொலைந்த புகாருக்கு அது போதும், தாக்குதல் வழக்குக்குப் போதாது.

ஆள் வந்துவிட்டால் செய்முறை சுலபம். முதலில் ஐந்து நிமிடம் இருவரையும் ஊர்க்கதை பேச விட்டு மொழி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மொழிபெயர்ப்பவரைச் சாட்சிக்கு அருகில், சற்றுப் பின்னால் உட்கார வையுங்கள். எஸ்.ஐ. சாட்சியின் முகத்தைப் பார்த்து "நீங்க எங்க இருந்தீங்க?" என்று நேராகக் கேட்க வேண்டும், "அவர் எங்க இருந்தார்னு கேளுங்க" என்றல்ல. பதிலும் "நான்" என்றே வர வேண்டும். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு நிறுத்தம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் போனால் ஒரு டீ, களைத்தவர் சுருக்க ஆரம்பித்துவிடுவார். சந்தேகமான சொல்லை மூலச் சொல்லாகவே மேற்கோளில் எழுதுங்கள்: "'சாச்சா', அப்பாவின் தம்பி". முடிந்ததும் தமிழில் எழுதியதை அவர் மொழியில் திருப்பிச் சொல்ல வைத்துத் திருத்துங்கள். இன்னும் பலர் பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து 161 ஸ்டேட்மென்ட் என்றே சொல்லும் இந்த வாக்குமூலம் இப்போது பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 180ஆம் பிரிவு. சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது என்பதால் மொழிபெயர்த்தவர் பெயர், எந்த மொழி, திருப்பிச் சொன்ன விவரம் எல்லாம் உள்ளேயே எழுதப்பட வேண்டும். அதே பிரிவு ஒலி, ஒளிப்பதிவையும் அனுமதிக்கிறது. கட்டாயம் செய்யுங்கள். மூலப் பேச்சு இருந்தால் பிழையைப் பிற்பாடு கண்டுபிடிக்கலாம், தமிழ்த் தாள் மட்டும் இருந்தால் முடியாது.

கைது என்றால் கண்டிப்பு இன்னும் கூடுதல். 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம், கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்றது. உடனே முடியாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு ஆஜர்படுத்துவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது தாளைக் கொடுக்க வேண்டும். நள்ளிரவில் செயலியில் மொழிபெயர்த்து பிரின்ட் எடுப்பது ஆபத்து. மாறாத வரிகளை இந்தி, ஒடியா, வங்காளத்தில் இப்போதே ஆள் வைத்து எழுதி, இன்னொருவரைக் கொண்டு சரிபார்த்து வைத்துக்கொண்டால் அன்றைக்குப் பெயர், தேதி, நடந்த சம்பவம் மட்டும்தான் பாக்கி.

காது கேளாதவருக்கு எந்தச் செயலியும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட சில குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளி என்றால் பி.என்.எஸ்.எஸ். 173இன்படி அவர் வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் முன்னிலையில், வீடியோவோடு தகவலைப் பதிய வேண்டும். பள்ளிக்கே போகாமல் வீட்டுச் சைகையில் வளர்ந்தவருக்குப் பயிற்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளரும் திணறுவார். கேமரா முகத்தை மட்டும் பிடிக்காமல் இரண்டு கைகளும் தெரியும்படி இடுப்பு வரை பிடிக்க வேண்டும்.

கடைசியாக எல்லைச் சிக்கல். கடலூர், புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் மாநிலம் மாறுவது வெளியூர்க்காரருக்குத் தெரியாது. புதுச்சேரிப் பக்கம் பாகூரில் நடந்ததற்குக் கடலூரில் வந்து நிற்பார். ஜீரோ எஃப்.ஐ.ஆர். (வேறு ஸ்டேஷன் எல்லையில் நடந்ததற்கும் இங்கேயே பதிவது) போட்டு அனுப்பும்போது தமிழ்த் தாளோடு ஒலிப்பதிவும், எந்த மொழி, யார் மொழிபெயர்த்தார் என்ற குறிப்பும் சேர்ந்து போக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பக்கத்து ஐ.ஓ. (விசாரணை அதிகாரி) மறுபடி போனை எடுத்து "உங்க பெயர் என்ன?" என்று மைக்கில் ஆரம்பிப்பார்.