ஹிலரி 2008: முன்கூட்டிய கருத்துக்கணிப்பை நம்புவதா, தொண்டர் உற்சாகத்தையா?

2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளர் யார் என்ற போட்டி. 2007 அக்டோபரில் அந்தக் கட்சியினரிடையே எடுத்த தேசியக் கணிப்புகளில் ஹிலரி கிளின்டன் ஒபாமாவை 20 புள்ளிகளுக்கு மேல் முந்தியிருந்தார். பெயர்ப் பரிச்சயத்துக்கு அதில் பெரும் பங்கு. தேசிய அளவில் ஒரே நாளில் வாக்களிக்கும் உட்கட்சித் தேர்தல் கிடையவே கிடையாது. மாநிலம் மாநிலமாகத்தான் நடக்கும்.

2008இல் முதல் மாநிலம் அயோவா. அங்கே அப்போது ஜனநாயகக் கட்சியில் வாக்குச்சீட்டு இல்லை. குளிர்கால இரவில் கூட்டத்துக்குப் போய், வெளிப்படையாகத் தன் வேட்பாளரின் பக்கம் நிற்க வேண்டியிருந்தது. பெரும்பாலான இடங்களில் வந்தவர்களில் 15% சேராத அணி கலைய வேண்டியிருந்தது. இங்கே உற்சாகம்தான் காசு. 2008 ஜனவரி 3: ஒபாமா 38%, இன்னொரு போட்டியாளர் ஜான் எட்வர்ட்ஸ் 30%, ஹிலரி 29%.

ஐந்தே நாளில் நியூ ஹாம்ப்ஷயர். கடைசிக் கணிப்புகள் ஒபாமாவுக்குத் தெளிவான முன்னிலை தந்தன; ஜெயித்தது ஹிலரி, ஏறக்குறைய 3 புள்ளியில். அங்கே ரகசிய வாக்கு; அதில் அரைமனதோடு போட்டாலும் ஓர் ஓட்டுதான், ஆரவாரத்தோடு போட்டாலும் ஓர் ஓட்டுதான். இன்னொரு சிக்கல்: உற்சாகத்தில் இருப்பவர் கணிப்பாளரின் போனை எடுப்பார், சோர்ந்தவர் எடுக்கமாட்டார். ஆதரவு அப்படியே இருந்தாலும் சரிந்ததுபோல் தெரியும்.

கணிப்பைப் படிக்கும்போது தேசிய எண்ணைத் தள்ளிவிட்டு மாநில எண்ணை எடுங்கள். 1,000 பேரிடம் கேட்ட கணிப்பில் பிழை ±3 புள்ளி. இருவருக்கிடையிலான வித்தியாசத்தில் அது கிட்டத்தட்ட ±6. கல்வித் தகுதிப்படி எடையிட்டார்களா, அதாவது படித்தவர், படிக்காதவர் விகிதம் வாக்காளர்களில் உள்ளபடி இருக்குமாறு சரிசெய்தார்களா என்றும் பாருங்கள். 2016 அதிபர் தேர்தலில் பல மாநிலக் கணிப்புகள் அதைச் செய்யவில்லை. விஸ்கான்சினில் ஹிலரிக்குக் காட்டிய முன்னிலை வாக்கு எண்ணிக்கையில் காணாமல் போனது.