பழைய ரிசார்ட்டா, பக்கத்துச் சிறு விடுதியா, வாடகை வீடா?

கால் கழுவும் குழாயைக் காணவில்லை. கடற்கரையிலிருந்து ரிசார்ட்டுக்கு ஏறும் படிக்கட்டின் ஓரம், முழங்கால் உயரத்தில் ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. அங்கே 11 முறை தங்கியிருக்கிறேன். 11 முறையும் மணல் காலோடு வந்து அதைத்தான் திறந்தேன். 12ஆவது முறை போனபோது சுவரில் சிமெண்ட் பூசிய வட்டம் மட்டும் இருந்தது. மேலே அடித்த வெள்ளை, சுற்றியிருந்த வெள்ளையோடு ஒட்டவில்லை. பக்கத்தில் புதிதாக ஒரு பலகை: ‘மணல் கால்களுடன் உள்ளே வர வேண்டாம்.’

இப்படித்தான் நிர்வாகம் மாறிய செய்தி எனக்குத் தெரிந்தது. அதன்பின் எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன: பழைய இடத்துக்கே போவது, அதே கரையில் உரிமையாளரே நடத்தும் எட்டு அறை விடுதிக்கு மாறுவது, வீடு ஒன்றை வாடகைக்கு எடுப்பது. மூன்றையும் பார்த்துவிட்டேன்.

முதலில், ‘நிர்வாகம் மாறிவிட்டது’ என்ற ஒரே சொல்லுக்குள் பல சங்கதிகள் இருக்கின்றன. கட்டடமே விற்கப்பட்டிருக்கலாம். கட்டடம் பழையவரிடமே இருக்க, நடத்தும் பொறுப்பு மட்டும் ஒரு ஹோட்டல் குழுமத்துக்குப் போயிருக்கலாம். அல்லது குழுமத்தின் பெயரை மட்டும் கட்டணத்துக்கு வாங்கி மாட்டிக்கொண்டு, அதே ஆட்கள் அதே வேலையைச் செய்யலாம். வாசலில் பெயர்ப்பலகை ஒன்றுதான். தங்குபவருக்கு விளைவு வேறு. நடத்தும் ஒப்பந்தத்தில் குழுமத்துக்கு மொத்த வருவாயில் சுமார் 2 முதல் 4 சதவீதம் அடிப்படைக் கட்டணம் போவது வழக்கம்; லாபத்திலிருந்து தனியாக ஊக்கத்தொகையும் உண்டு. ஆகவே அறை நிரம்ப வேண்டும், செலவு குறைய வேண்டும் என்ற இரண்டு கணக்குகளும் ஒரே மேசையில் உட்காருகின்றன. குழாய் எந்தக் கணக்கில் போனது என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அறையைப் பொறுத்தவரை நியாயமாகப் பேச வேண்டும்: புதிய நிர்வாகம் பழையதைத் தோற்கடித்துவிட்டது. பழைய மேலாளர் வாசலில் நின்று பெயர் சொல்லி வரவேற்பார், உண்மைதான். அவர் காலத்தில் பால்கனிக் கதவின் கீல் துருவேறி, இரவெல்லாம் முனகும் என்பதும் உண்மைதான். உப்புக் காற்று இரும்பை விட்டுவைக்காது. கடலோரக் கட்டடத்தில் பராமரிப்பை ஓர் ஆண்டு தள்ளிப்போட்டால் அடுத்த ஆண்டு செலவு கூடிவிடும். பெரிய குழுமங்களின் ஒப்பந்தங்களில் மரச்சாமான், மெத்தை, கருவிகளைப் புதுப்பிக்கவென்றே வருவாயில் ஒரு பங்கை, பெரும்பாலும் 4 சதவீதம் அளவில், ஒதுக்கச் சொல்வார்கள். அது கண்ணில் தெரிந்தது. மெத்தை புதியது, ஏசி சத்தமில்லை, லிஃப்ட் நடுவழியில் நிற்கவில்லை. சிறு விடுதியில் இந்த ஒதுக்கீடெல்லாம் கிடையாது. எதுவும் பழுதானால் உரிமையாளரே திருப்புளியோடு வருவார். சில சமயம் சரியாகும்.

கரையில்தான் தராசு மறுபக்கம் சாய்கிறது. முன்பு சாய்வு நாற்காலியை நாமே நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வோம். இந்த முறை இழுக்கக் குனிந்ததும் சீருடைப் பையன் ஒருவர் ஓடி வந்தார். “மன்னிக்கவும் சார், இது 108ஆம் அறைக்கு எழுதியிருக்கிறது.” அந்த அறைக்காரர் மாலைவரை வரவில்லை. அவர் பெயரில் ஒரு துண்டு மட்டும் வெயில் காய்ந்தது.

இரவில் இன்னும் மோசம். கரை முழுக்க வெள்ளை விளக்கு. கடலாமைக் குஞ்சுகள் வெளிச்சமான தொடுவானத்தைக் கடல் என்று நம்பி நகரும் பிராணிகள். முட்டை பொரிக்கும் கரையில் இத்தகைய விளக்கு அவற்றை நிலத்தின் பக்கம் திருப்பிவிடும். தாழ்வாக வைத்து மூடிய செம்மஞ்சள் விளக்குகள் போதும் என்பது துறையில் தெரிந்த விஷயமே. சிறு விடுதியின் முன்னால் இருட்டு. கொள்கை ஒன்றும் இல்லை, விளக்கு வாங்கப் பணமில்லை, அவ்வளவுதான். எனக்கு நட்சத்திரம் தெரிந்தது.

வரவேற்பறையில் நீலக் கொடி (Blue Flag) என்ற சுற்றுச்சூழல் தரச் சான்றிதழைப் பெரிதாக மாட்டியிருக்கிறார்களா, அதையும் சற்று நிதானமாகப் படியுங்கள். 1985இல் பிரான்ஸில் தொடங்கிய அந்த அங்கீகாரம் கடற்கரைக்குத் தரப்படுவது, விடுதியின் அறைகளுக்கு அல்ல. ஒரு பருவத்துக்கு மட்டும் செல்லும். எந்தக் கரைக்கு, எந்த ஆண்டுக்கு என்று பார்த்தால் போதும்.

அறை, சாப்பாடு, பானம் ‘எல்லாம் சேர்த்து’ ஒரே கட்டணம், அதற்கு அடையாளமாகக் கையில் ஒரு பட்டை என்ற முறையும் புதிதாக வந்திருக்கிறது. இது இன்றைய கண்டுபிடிப்பில்லை. 1950இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், அல்குதியாவில் கூடார முகாமாகத் தொடங்கிய கிளப் மெட் என்ற விடுமுறை நிறுவனம், எல்லாச் செலவையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, பின்னாளில் பானங்களுக்கு மட்டும் கழுத்து மணிகளை நாணயமாக்கியது. அங்கே பணத்தை மறக்கவைக்க மணி மாலை. இங்கே, எந்த வாசலில் நுழையலாம், எதில் நுழையக் கூடாது என்று காட்டக் கைப்பட்டை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது வசதி, மறுக்கவில்லை. பாதி நாள் வெளியே சுற்றுகிறவருக்கு நட்டம்.

வாடகை வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறேழு பேர், ஒரு வாரம் என்றால் கணக்கு கட்டுப்படியாகும். இரண்டு பேர் என்றால் விடுமுறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பீர்கள்.

பழைய இடத்துக்கே போவதென்று முடிவெடுத்தவர்களுக்கு இரண்டு விஷயங்கள். கைமாறிய தேதிக்கு முந்தைய விமர்சனங்கள் எல்லாம் வேறொரு விடுதியைப் பற்றியவை. தேதிவாரியாக அடுக்கிப் படியுங்கள். கைமாறும் முன்பே முன்பணம் கட்டியிருந்தால், புதிய நிர்வாகம் அதை ஏற்றுக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். “சிஸ்டத்தில் இருக்கிறது” என்ற வாய்மொழி வேண்டாம். முடிந்தால் முதல் பருவத்தைத் தவிர்த்துவிடுங்கள், பக்கத்து அறையில் டைல்ஸ் வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

அம்மாவை அழைத்துப் போகும்போது நான் பழைய ரிசார்ட்டுக்குத்தான் போவேன். அவர் முழங்காலுக்கு லிஃப்ட் வேண்டும். புதிய மெத்தையும் நல்லது. தனியாகப் போகும் அடுத்த பயணத்துக்குச் சிறு விடுதியில் நான்கு இரவு எழுதிவைத்திருக்கிறேன். தொலைபேசியில், கால் கழுவக் குழாய் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

“இரண்டு இருக்கின்றன சார். ஒன்று ஒழுகும்” என்றார்.