பீரோக் கதவில் படமா, கோடு போட்ட நோட்டா?

குரூப் 4 தேர்வுக்கு நானும் தங்கையும் ஒரே மாதத்தில்தான் படிக்க உட்கார்ந்தோம். தர்மபுரியில் வாடகை வீடு, இருவருக்கும் ஒரே மேசை. அவள் விஷன் போர்டு செய்தாள், அதாவது ஆசைப்படுவதைப் படங்களாக ஒட்டி வைக்கும் அட்டை. நான் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். எது உதவியது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

போர்டுக்குச் செலவு அதிகமில்லை. ஒரு சார்ட் அட்டை, பழைய வார இதழ்கள், பசை, அவ்வளவுதான். கலெக்டர் அலுவலகத்தின் படம், ஒரு ஸ்கூட்டர், அம்மாவுக்குப் புது கிரைண்டர், நடுவில் பெரிய எழுத்தில் ‘கிராம நிர்வாக அலுவலர்’. பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். ஹாலில் ஒட்டினால் வருகிற சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள், அப்புறம் பேச்சு கல்யாணத்தில் போய் நிற்கும்.

போர்டின் பெரிய பலன் அதைச் செய்த அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே கிடைத்துவிட்டது என்பது என் எண்ணம். பெங்களூரு கம்பெனி ஒன்றின் படத்தையும் வெட்டி வைத்திருந்தாள். ஒட்டும் நேரத்தில் வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது வேண்டாம் அக்கா, நான் இங்கேயே இருக்கணும்” என்றாள். அதுவரை அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. என் நோட்டு எந்த நாளும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஆனால் ஒரு மாதம் போனதும் அந்தப் படங்கள் சுவர் காலண்டர் மாதிரி ஆகிவிட்டன. கண் பார்க்கிறது, மனசில் பதிவதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபாம், டெய்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கலிஃபோர்னியா மாணவர்களில் சிலர் நல்ல மதிப்பெண் வாங்குவதாகத் தினமும் கற்பனை செய்தார்கள், சிலர் உட்கார்ந்து படிப்பதாகக் கற்பனை செய்தார்கள். அதிக நேரம் படித்ததும் நன்றாக எழுதியதும் இரண்டாவது கூட்டம்தான். கேப்பஸ், ஓட்டிங்கன் இருவரின் 2011 ஆய்வு இன்னும் ஒரு படி போகிறது: ஆசை நிறைவேறிவிட்டதாக இனிமையாகக் கற்பனை செய்தவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவே இறங்கியிருந்தது. கிடைத்துவிட்டது என்று உடம்பு தளர்ந்துவிடுகிறது.

நோட்டு இதற்கு நேர் எதிர். அழகே கிடையாது. இடது பக்கம் என்ன தடை வரும், வலது பக்கம் அப்போது என்ன செய்வேன். ‘கரண்ட் போனால்: டார்ச் வெளிச்சத்தில் பழைய வினாத்தாள்.’ ‘பாலக்கோட்டில் விசேஷம் என்றால்: பஸ்ஸில் இலக்கணம்.’ இப்படி முன்கூட்டியே எழுதி வைப்பது பலன் தருகிறது என்று கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். குரூப் 4இல் 200 கேள்வி, அதில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. தமிழுக்கான 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். இவற்றில் எதில் பின்தங்கியிருக்கிறேன் என்பதை நோட்டு வாராவாரம் காட்டிக்கொடுத்தது. கலெக்டர் அலுவலகப் படம் அதைச் சொல்லாது.

போனில் வால்பேப்பராக வைப்பது மூன்றாவது வழி. படத்தைப் பார்க்கப் போனை எடுத்தால் அரைமணி நேரம் போய்விடுகிறது. எனக்கு ஒத்துவரவில்லை.

நோட்டிலும் குறை உண்டு. மாங்காய் சீசனில் தோப்பு வேலைக்குப் போய் 11 நாள் எழுதாமல் விட்டேன். வெற்றுப் பக்கங்களைத் திறக்கவே மனம் வரவில்லை. ஒருநாள் புடவை எடுக்க பீரோவைத் திறந்தபோது அம்மாவின் கிரைண்டர் படம் கண்ணில் பட்டது. அன்று இரவே நோட்டைத் திறந்துவிட்டேன்.

என்ன வேண்டும் என்றே தெளிவாகாதவர்கள் போர்டில் தொடங்கலாம். தெரிந்துவிட்டதா, நோட்டு போதும். ஒன்றுதான் என்றால் நான் நோட்டைத்தான் எடுப்பேன். போர்டு ஏற்கெனவே இருந்தால் கிழிக்க வேண்டாம், படத்தை மாற்றுங்கள். தங்கை இப்போது ஸ்கூட்டர் படத்தை எடுத்துவிட்டு, மாவட்ட மைய நூலகத்தில் தான் உட்காரும் ஜன்னலோர மேசையைப் படம் பிடித்து ஒட்டியிருக்கிறாள். கீழே என் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள், இந்த வாரத் தடைகளோடு.