பூ விலைத் தளம் அமைத்துத் தந்த சேவை: ஒரு மதிப்புரை

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்கும் என்பதால், எங்கள் கமிஷன் கடைக்கு இணையதளம் அமைத்துத் தந்த மதுரை நிறுவனத்தை, பக்கத்தின் அழகைக் காட்டிலும் பிரவுசரில் பழைய விலை தங்குகிறதா என்பதை வைத்தே மதிப்பிடுகிறேன்.

பிரவுசரிலேயே உள்ள சோதனைக் கருவியான டெவலப்பர் டூல்ஸின் நெட்வொர்க் பகுதியில் பார்த்தால், விலைப் பக்கத்துக்கும் கணக்குப் பக்கத்துக்கும் சர்வர் தரும் பதிலில் 'கேஷ்-கன்ட்ரோல்: நோ-ஸ்டோர்' என்ற ஹெடர், அதாவது பக்கத்தைச் சேமிக்கவே கூடாது என்று பிரவுசருக்குச் சொல்லும் குறிப்பு, இருக்கிறது. பலர் இந்த இடத்தில் 'நோ-கேஷ்' என்று எழுதிவிட்டு, பிரவுசர் எதையும் சேமிக்காது என்று நம்பிவிடுகிறார்கள். அதுவோ சேமிக்க அனுமதித்து, மறுபடி பயன்படுத்தும் முன் சர்வரிடம் சரிபார்க்கச் சொல்கிறது, அவ்வளவுதான். வியாபாரிகளின் பாக்கித் தொகை தெரியும் பக்கத்தை, ஒரே கணினியைப் பலர் தொடும் கடையில், சேமிக்கவே விடாதிருப்பதுதான் முறை.

குறை என்று சொன்னால், லோகோவுக்கும் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஸ்டைல் கோப்புக்கும்கூட அதே தடையைப் போட்டிருந்தார்கள். சிக்னல் குறைந்த நேரங்களில் தளம் திறக்கவே தாமதமானது. எடுத்துச் சொன்னதும், கோப்பு மாறினால் பெயரும் மாறும்படி அதில் பதிப்பு எண்ணைச் சேர்த்து, அவற்றுக்கு மட்டும் 'மேக்ஸ்-ஏஜ்=31536000', அதாவது இத்தனை நொடிகள் (ஓராண்டு) சேமித்ததையே பயன்படுத்தலாம், என்று மாற்றித் தந்தார்கள். ஹெடரைப் பிறகு சேர்ப்பதால் முன்பே சேமிக்கப்பட்ட பிரதி அழிந்துவிடாது என்பதையும் அவர்களே விளக்கி, கடைக் கணினிகளில் பிரவுசரின் சேமிப்பான கேஷை நேரில் வந்து நீக்கினார்கள். விலை அடிக்கடி மாறும் தொழில் செய்பவர்களுக்கு இவர்களைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.